பரணுக்கு இறங்கிய ஆண்டெனா

கல்வராயன் மலையில், கரியாலூரில் எங்கள் ஓட்டுவீட்டின் கூரைமேல் ஆண்டெனா நின்றது. காற்று திருப்பிவிடும், மிச்சத்தைக் குரங்குகள் பார்த்துக்கொள்ளும். தூர்தர்ஷனில் ராமாயணம் ஓடிய 1988இல், ஒரு ஞாயிறு காலை அதைத் திருப்ப ஏறிய அப்பா ஓடு சரிந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார்.

"இனி ஒருத்தரும் கூரை ஏறக் கூடாது" என்றார் அம்மா. ஆண்டெனா பரணுக்கு இறங்கியது. கம்பிகள் தரைக்குக் கிடையாக இருக்கவேண்டும். நீளமானது பின்னால், குட்டையானவை நிலையத்தை நோக்கி. 1926இல் ஜப்பானியர்களான யாகியும் உடாவும் வெளியிட்ட அமைப்பு இது என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். தகரக்கூரை அலையை மறித்துவிடும். ஓடு ஓரளவு விடும், நனைந்த ஓடு அதிலும் கொஞ்சம் குடித்துவிடும். ஆகவே மழைநாளில் படம் இல்லை, பேச்சு மட்டும்.

கட்டிலில் கிடந்தபடி அப்பா, "இன்னும் கொஞ்சம் கிழக்கால திருப்புடா" என்பார். புளிப்பானைகளுக்கிடையே தவழ்ந்து திருப்புவேன். புள்ளிகள் குறைந்தன, மறையவில்லை. அவருக்கு அதுவே போதுமாயிருந்தது.

2022 மார்ச்சுக்குள், ஐம்பது நிலையங்கள் போக, அனலாக் தரைவழி ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் நிறுத்திவிட்டது. ஆண்டெனா பரணிலேயே இருக்கிறது. அன்று கூரையில் நின்றவரிடம் "இன்னும், இன்னும்" என்று கீழிருந்து கத்தியவன் நான். அப்பா ஒருமுறைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை.