விலையும் பெறுமதியும்

சேர்த்து வைத்தல் மனிதனின் இயல்பு. சேர்த்ததைக் காத்தல் அவனது பொறுப்பு. வீட்டையும் வாகனத்தையும் கடைச் சரக்கையும் காப்புறுதி செய்யும் நாம், அலுமாரிக்குள் கிடக்கும் முத்திரைத் தொகுப்பையோ நாணயத் தொகுப்பையோ அவ்வாறு கருதுவதில்லை. பொழுதுபோக்குக்கு ஏது காப்புறுதி என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம்.

ஓட்டமாவடியில் எங்கள் வீட்டில் ஏழு முத்திரை ஏடுகள் உள்ளன. மூத்தாப்பா தொடங்கியவை; வாப்பா தொடர்ந்தவை. முதல் இரண்டில் இருப்பவை 1972ஆம் ஆண்டுக்கு முன், நாடு 'சிலோன்' என வழங்கப்பட்ட காலத்து முத்திரைகள். ஏனைய ஐந்தையும் நிரப்பியவை, எண்பதுகளில் வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் ஊருக்கு எழுதிய கடிதங்கள். வாவியின் ஈரக்காற்று, கறையான், வெள்ளம், கள்வர் என இவற்றுக்குப் பகை பல. சென்ற ஆண்டு அயலில் ஒரு வீடு உடைக்கப்பட்டதும் காப்புறுதி பற்றிய பேச்சு எழுந்தது.

மார்க்கம் அனுமதிக்குமா என்பது உம்மாவின் வினா. ஒருவர் இழப்பைப் பங்களிப்போர் அனைவரும் தாங்கும் தகாபுல் முறை நம் நாட்டிலும் உண்டு என்றார் வாப்பா. எனது ஐயம் வேறு. காப்புறுதி எதைத் தரும், எதைத் தராது?

காப்புறுதியின் நோக்கம் நட்டத்தை ஈடுசெய்தல். இலாபம் தருதல் அன்று. குறைத்துக் காப்புறுதி செய்தவர் நட்டத்தில் ஒரு பங்கைத் தாமே சுமக்க நேரும். ஓர் இலட்சம் ரூபா மதிப்புள்ள தொகுப்பை ஐம்பதாயிரத்துக்குக் காப்புறுதி செய்தவருக்கு இருபதாயிரம் நட்டமாயின், சராசரி விதிப்படி கிடைப்பது பத்தாயிரமே. பூச்சியாலும் பூஞ்சணத்தாலும் மெல்ல நேரும் அழிவைக் காப்புறுதிப் பத்திரங்கள் பொதுவாக ஏற்பதில்லை. களவாயின், வீடு உடைக்கப்பட்டமைக்குச் சான்று கேட்பதும் வழக்கம்.

இவற்றினும் பெரிய வரம்பு ஒன்றுண்டு. 1859ஆம் ஆண்டின் நான்கு பென்சு இலங்கை முத்திரைக்குச் சந்தையில் பெருவிலை உண்டு. வளைகுடாவிலிருந்து வந்த கடித உறைக்கோ விலை சொற்பம். ஆயினும் ஓர் ஊரின் பிரிவுத்துயர் அதில் ஒட்டியிருக்கிறது. 1981ஆம் ஆண்டு எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பணத்தால் கட்டடம் மீண்டும் எழுந்தது. சாம்பலான ஓலைச்சுவடிகள் மீளவில்லை.

அவ்வாறாயின் காப்புறுதி பயனற்றதோ? அன்று. அது முதலில் கேட்பது ஒரு பட்டியலை. விடுமுறை நாட்களில் வாப்பாவும் நானும் ஏடு ஏடாக அமர்ந்து நாடு, ஆண்டு, நிலை, மதிப்பு ஆகியவற்றை எழுதினோம். ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்தோம். எந்த முத்திரை எவர் வீட்டுக் கடிதத்தில் வந்தது என்று வாப்பா சொல்லச் சொல்ல, அதையும் தனி நிரலில் குறித்தேன். அந்த நிரலை மதிப்பீட்டாளர் எவரும் கேட்கமாட்டார். ஆனால் அதுவரை அது வாப்பாவின் நினைவில் மட்டுமே இருந்தது.

முதல் இரண்டு ஏடுகளையும் காப்புறுதி செய்வதென முடிவு செய்துள்ளோம். ஏனைய ஐந்துக்கும் அப்பட்டியலே காப்பு. அதன் படியொன்று உறவினர் வீட்டில் இருக்கிறது. தொகுப்பு வைத்திருக்கும் நண்பர்கள் காப்புறுதி செய்யினும் செய்யாவிடினும், பட்டியலையேனும் இன்றே தொடங்குவார்களாக. சொல்லத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்தல் வேண்டும்.