அணிலா, ஆணியா?

பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து எங்கள் வீட்டுக் கடிகாரம் மோட்டார்தான். மும்முனை கரண்ட் வந்ததும் "அப்பாரு, லைட் எரியுது!" என்று சின்னவள் தாத்தாவிடம் கத்துவாள். அடுத்த நிமிடம் அவளும் பெரியவனும் தொட்டிக்குள். விரல் நுனி சுருங்கிப்போகும் வரை ஏற மாட்டார்கள்.

மே மாத வெயிலில் சொட்டுநீர்க் குழாயை அணில் கடித்துவிடும். தாகம் அதற்கும்தானே! தென்னந்தோப்பில் ஓட்டை கண்டுபிடிக்கும் வேலை பெரியவனுக்கு. மட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஓடி, வரப்போரம் மண் அநியாயத்துக்கு ஈரமாக இருக்கும் இடத்தில் குத்தவைத்துக் குழாயைத் தடவிப் பார்ப்பான். கூலி, ஓட்டைக்கு ஒரு நுங்கு. இந்த வாரம் சில ஓட்டைகளில் பல் தடமே இல்லை. உருண்டையாக, ஆணியால் குத்தியது போல. எந்த அணில் ஆணி பிடித்தது என்று நான் கேட்கவில்லை. அப்பாரும் கேட்காமல் நுங்கு சீவிக் கொடுத்துவிட்டார்.

கோடை வகுப்பில் சேர்க்கவில்லையா என்கிறார்கள். இல்லை. சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழக்குகிறார் அப்பாரு, அது போதும்.

ஒன்று மட்டும். விருந்தாளிப் பிள்ளைகள் தோட்டத்துக்கு வரும் மாதம் இது. திறந்த கிணறு வைத்திருப்பவர்கள் செலவு பார்க்காமல் தடுப்புச் சுவரோ கம்பிவலையோ போட்டுவிடுங்கள்.