தேய்ந்து காக்குங் கருவி

ஓசூரினின்று சேலஞ் செல்வோர் கிருஷ்ணகிரியையும் தருமபுரியையுங் கடந்து தொப்பூர்க் கணவாயில் இறங்குதல் வேண்டும். 44-ஆம் எண் தேசியப் பெருவழியில் இவ்விறக்கம் பெயர்பெற்றது, அப்பெயர் நற்பெயரன்று. 2020-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பாரமேற்றிய லாரியொன்று ஈண்டுப் பல வண்டிகளின்மேல் மோத, நால்வர் மாண்டனர். எண்ணெயை மிச்சப்படுத்தக் கருதிக் கியரை விடுத்து வண்டியை இறக்கத்தில் உருளவிடும் பழக்கம் ஓட்டுநர் சிலரிடை உண்டு. அங்ஙனம் விடுங்கால் எஞ்சின் தருந் தடை ஒழிந்து, முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழுகின்றது. பிரேக்கோ ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவது. அளவுகடந்து காய்ந்தால் அதன் பிடிப்புத் தளர்ந்துவிடும்.

தகடூர் என்பது இன்றைய தருமபுரியே. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், உப்பு வணிகர் தம் வண்டியடியில் மற்றோர் அச்சினையுங் கட்டிச்செல்லும் வழக்கத்தைப் புறநானூற்றில் உவமையாக்கினார். அச்சு முறியுமோ என்னும் அச்சம் அன்றே இருந்தது போலும்.

சென்ற டிசம்பரில் கிறிஸ்து பிறப்பு விழாவிற்குச் சேலத்துப் பாட்டியாரிடஞ் செல்லக் கருதினோம். அதற்குச் சில நாள் முன்னர், பெடலை மிதிக்குந்தோறும் எங்கள் காரின் முன்சக்கரத்தினின்று கீச்சென்றோர் ஒலி எழலாயிற்று. பிரேக் பேடு தேய்ந்து மெலிந்தவிடத்து டிஸ்க்கில் உரசி ஒலித்தற்கென்றே அதிற் சிறு தகடொன்று வைத்துள்ளனர். சிப்காட் தொழிற்பேட்டையில் நெடுங்காலம் எந்திரங்களோடு பழகிய எந்தையார், தாமே பேடுகளை மாற்றுவதாகக் கூறினார். அன்னையார் உடன்பட்டிலர். "கூரை ஒழுகினால் நீங்களே அடைக்கலாம், பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வண்டியிலுமா கைவைப்பது?" என்றார். தக்க வினாவே. "நீயும் அருகிருந்து பார், மனம் நிறையாவிடில் பேருந்தில் போவோம்" என்று எந்தையார் விடையிறுத்தார்.

சமதரையில் வண்டியை நிறுத்திப் பின்சக்கரங்கட்குக் கல் அண்டைகொடுத்தோம். சக்கரம் நிலத்திலிருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, பின்னர் ஜாக்கியால் உயர்த்தினார். ஜாக்கியொன்றையே நம்பாது இரும்புத் தாங்கியும் வைத்தார். சக்கரங் கழன்றபின் காலிப்பரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றி அதனை மேலே தூக்கினார். படிந்திருந்த கருந்தூளை யான் ஊதப்புக, என்னை விலக்கி ஈரத்துணியால் துடைத்தார். முற்காலப் பேடுகளிற் கல்நார் கலந்திருந்தது. அதன் தூள் நுரையீரலிற் புற்றுநோயையும் விளைப்பது. இக்காலத்துப் பேடுகள் கல்நாரின்றிச் செய்யப்படினும், எத்தூளும் மூச்சிற்காகாது.

பழைய பேடுகள் வெளிவந்தன. உட்புறத்தது 2 மில்லிமீட்டரினுங் குறைவு; வெளிப்புறத்தது 5 மில்லிமீட்டர் இருந்தது. ஒரே டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் இவை ஏறக்குறைய ஒப்பத் தேய்தல் வேண்டும். எந்தையார் புதியவற்றைத் தொட்டிலர். நெடுநேரம் பழையவற்றையே நோக்கியிருந்தார். பின்பு காலிப்பர் வழுக்கி நகர்தற்குரிய இரு பின்களையும் அசைத்துப் பார்த்தார். ஒன்று துருவேறி இறுகி நின்றது. அது நகராமையால் வெளிப்புறப் பேடு டிஸ்க்கைச் செவ்வனே அழுத்தாதொழிய, உட்புறத்தது தனியே உழைத்துத் தேய்ந்திருக்கின்றது! துருவை நீக்கி, உரிய கிரீசு இட்டு, அப்பின் விரலால் தள்ள நகருமளவும் அவர் விட்டிலர். புதுப்பேடுகளை மட்டும் மாட்டியிருப்பின் அவையும் அவ்வாறே அழிந்திருக்கும். வீட்டில் இப்பணி செய்வதன் பயன் கூலி மிச்சமென்பர் பலர். பழையதை உற்றுநோக்க நேரங் கிடைத்தலே பெரும்பயனென யான் கருதுகின்றேன்.

பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளுகையில், பிரேக் ஆயில் பொங்கி வழியாதபடி என்னைக் காவல் வைத்தார். அது பட்டால் வண்டியின் வண்ணம் உரிந்துவிடும். மற்றை முன்சக்கரத்தின் பேடுகளையும் உடன் மாற்றினார். ஒருபுறம் மட்டும் மாற்றின் பிரேக் பிடிக்குங்கால் வண்டி ஒருபால் இழுக்கும்.

எல்லாம் பூட்டியபின் அன்னையாரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்திப் பெடலை மிதிக்கச் சொன்னார். முதல் மிதி அடிவரை சென்றது. அன்னையார் முகம் வெளுத்தது. "இன்னும் மிதி" என்றார் எந்தையார். நான்காம் மிதியிற் பெடல் கல்லெனக் கெட்டியாயிற்று. உள்ளே தள்ளிய பிஸ்டன் மீண்டும் வெளிவந்து பேட்டைத் தொடுமளவும் வண்டிக்குப் பிரேக் இல்லை. இதனை மறந்து வண்டியை நகர்த்துவோர் எதிர்ச்சுவரிலேயே நிற்பர். பின்னர் ஆளரவமற்ற தெருவில் மெல்ல ஓட்டிப் பன்முறை நிறுத்திப் பார்த்தோம். கீச்சொலி இல்லை. பேருந்துப் பேச்சை அன்னையார் எடுத்திலர்.

தொப்பூரில் எந்தையார் மூன்றாங் கியரிலேயே இறங்கினார். பின்வந்த லாரிகள் ஒலியெழுப்பி விரைவித்தும் விரைந்திலர். பாட்டியார் வாயிலில் வண்டி நின்றதும், அன்னையார் முன்சக்கரமிரண்டின் அருகும் கையை நீட்டி, வெப்பம் இருபுறமும் ஒத்திருக்கின்றதா எனப் பார்த்தார். அதன்பின்னரே பாட்டியாரை நலம் வினவினார்.