என்னால் ஆகும் என்று எழுதுவது

‘ஐ கேன்’ என்று ஒரு வாக்கியத்தைக் கூச்சமில்லாமல் எழுத எனக்கு நெடுங்காலம் பிடித்தது. பள்ளியில் முதலில் படித்த ஆங்கிலச் சொற்களில் அதுவும் ஒன்றுதான். ஆனாலும் ‘இது என்னால் ஆகும்’ என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவது எங்கள் வீட்டில் யாரும் செய்திராத காரியம். வேலைக்கான விண்ணப்பம் ஒவ்வொன்றிலும் அந்த இடம் வந்ததும் பேனா நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்து அதையே எழுதிவிட்டு வருவேன்.

கல்வராயன் மலையின் கரியாலூர்ப் பக்கம் வாழும் நாங்கள் மலையாளிகள். கேரளத்தாரோடு எங்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, ஜவ்வாது மலைகளில் தமிழ் பேசி வாழும் பழங்குடி நாங்கள். எங்கள் வீடுகளில் திறமையைப் பற்றிப் பேசும் வழக்கம் இல்லை. தேன் எடுக்கத் தெரிந்தவர் எடுப்பார், கூரை வேயத் தெரிந்தவர் வேய்வார். கேட்டால் ‘ஏதோ தெரியும்’ என்று முடித்துக்கொள்வார்கள்.

இது வெறும் அடக்கம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அந்தக் காலத்தைப் பற்றி அப்பா சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்கு வேறொன்று புலப்பட்டது. வேலைக்கு ஆள் வந்து கூப்பிட்டால் ‘உன்னால் ஆகுமா’ என்று கேட்கிற பேச்சே கிடையாதாம். காய்ச்சலில் கிடப்பவன் ‘முடியாது’ என்றால்கூட, எதிர்த்துப் பேசுகிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்களாம். அதனால் அந்தச் சொல்லையே யாரும் வாயில் எடுக்க மாட்டார்களாம். ‘முடியாது’ என்று சொல்ல வாய்ப்பில்லாதவன் ‘முடியும்’ என்று சொல்வதிலும் அர்த்தம் இல்லை.

தமிழில் ‘முடியாது’ என்பது இயலாமைக்கும் மறுப்புக்கும் பொது. ஆங்கிலத்தில் இவை இரண்டும் வேறு வேறு. ‘கான்ட்’ என்றால் ஆகவில்லை. ‘வோன்ட்’ என்றால் மனமில்லை. நம் மொழியிலும் ஒரு காலத்தில் இயலாமைக்குத் தனிச்சொல் இருந்தது. இன்று மறுப்பாகி நிற்கும் ‘மாட்டேன்’ பழந்தமிழில் ‘எனக்கு ஆற்றல் இல்லை’ என்ற பொருளில்தான் வந்தது. ‘நடக்க மாட்டாமல் உட்கார்ந்துவிட்டார்’ என்று சொல்லும்போது அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் சொல்லும் ‘ஏலும்’, ‘ஏலாது’ என்ற சோடியும் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியன் ஆன பிறகு, எனக்குத் தடையாக இருந்த அந்தச் சின்னச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். ‘கேன்’ என்பதன் மூலம் பழைய ஆங்கிலத்தின் ‘குன்னன்’. அதற்கு முதற்பொருள் ‘அறிதல்’. ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்றும் ‘கென்’ என்றால் ‘தெரியும்’ என்று பொருள் கொள்கிறார்கள். நாம் ‘நீந்தத் தெரியும்’ என்கிறோமே, அதே வழிதான்: தெரிந்தால் ஆகும். ‘ஏபிள்’ என்ற சொல்லின் கதை வேறு. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பின், அவர்களுடைய பிரெஞ்சு மொழி வழியாக வந்து சேர்ந்த இலத்தீன் சொல் அது. உழவன் வீட்டிலிருந்து ஒன்று, அரண்மனையிலிருந்து ஒன்று. பேச்சில் ‘கேன்’ என்பதும் ஏட்டில் ‘ஏபிள்’ எட்டிப் பார்ப்பதும் இதனால்தான் என்று எனக்குத் தோன்றியது. நாம் ‘முடியும்’ என்று பேசிவிட்டு ‘இயலும்’ என்று எழுதுவதில்லையா?

எங்கள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறார்கள். ‘ஐ கேன் ஏபிள் டு’ என்ற தொடரைத் தமிழ்நாட்டில் விண்ணப்பம் படிக்கும் எவரும் பார்த்திருப்பார்கள். ‘கேன் என்றால் ஏபிள் டு’ என்று நோட்ஸில் அடுத்தடுத்து எழுதிப் போடுகிறோம்; எது சரி என்ற பயத்தில் பிள்ளை இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. கூடவே, ஒரு சொல்லோடு நிறுத்தினால் பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற எண்ணமும் இருக்கிறது. நான் அதைச் சிவப்பு மையில் அடிப்பதில்லை. இரண்டில் ஒன்றை எடு, எதை எடுத்தாலும் சரி என்பேன். ‘ஐ கேன்’ போதும். சாதாரணப் பேச்சுக்கும் அதுவே அழகு, கடிதத்துக்கும் அதுவே அழகு.

செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்க வந்த மாணவி ஒருத்தி நீட்டிய தாளிலும் அந்தத் தொடர் இருந்தது. கள்ளக்குறிச்சி ஜெராக்ஸ் கடையில் அடித்துக் கொடுத்த பயோடேட்டா. கடினமாக உழைக்க முடியும், குழுவோடு சேர்ந்து வேலை செய்ய முடியும் என்று அச்சு மாறாமல் எல்லோருக்கும் போட்டுத் தருவது.

“உனக்கு என்னம்மா செய்யத் தெரியும்?” என்றேன்.

“ஒண்ணும் தெரியாது சார்.”

“வீட்ல என்ன பண்ணுவ?”

“சாமை குத்துவேன். தம்பிய பாத்துக்குவேன். பாட்டிக்கு ஊசி போடுவேன்.”

“ஊசியா?”

“இன்சுலின் சார். நர்சம்மா சொல்லிக் குடுத்தாங்க. தினமும் காலைல நான்தான் போடுவேன்.”

மழைக்கால இரவு ஒன்றையும் சொன்னாள். பாட்டி குரல் கொடுத்தது அடுப்படியில் இருந்தவளுக்குக் கேட்டிருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் உடம்பெல்லாம் வியர்த்துக் கைநடுங்க உட்கார்ந்திருக்கிறார். வண்டி எதுவும் கிடைக்கவில்லை. சர்க்கரை இறங்கிவிட்டது என்று கண்டுகொண்டு, சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து, பாட்டி தெளிவாகப் பேசும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த ஓர் இரவை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தோம். அன்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் ஆற்றலைப் பற்றி ஆங்கிலத்தில் நான் அறிந்த எல்லாமும்.

பாட்டியின் குரல் கேட்டது: ‘ஐ குட் ஹியர் ஹெர்’. காண்பது, கேட்பது, மணம் உணர்வது போன்ற புலன் சார்ந்த வினைகளோடு ‘குட்’ தாராளமாக வரும். வண்டி கிடைக்கவில்லை: ‘வீ குட் நாட் கெட் எ வெஹிகிள்’. எதிர்மறையிலும் தடையில்லை. ஆனால் பாட்டியைத் தேற்ற முடிந்தது என்ற இடத்தில் மட்டும் ‘குட்’ நிற்காது. அந்த நாட்களில் அப்படியொரு திறமை அவளுக்கு இருந்தது என்று பொதுவாகச் சொல்ல ‘குட்’ போதும். குறிப்பிட்ட அந்த இரவில் அதைச் செய்தும் முடித்தாள் என்றால் ‘ஐ வாஸ் ஏபிள் டு ஹெல்ப் ஹெர்’ என்றுதான் எழுத வேண்டும். அது சிரமப்பட்டு நடந்தது என்று காட்ட வேண்டுமானால் ‘ஐ மேனேஜ்டு டு’ என்று எழுதலாம்.

திறமை இருந்தது வேறு, அது ஒரு நாள் காரியமாகி முடிந்தது வேறு என்று இலக்கணத்திலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள் ஆங்கிலம் பேசுவோர். இதை நான் மிகப் பெரிய உதவியாக நினைக்கிறேன். பெருமை பேசுகிறோமோ என்று கூசும் பிள்ளைக்கு இந்த வாக்கியத்தில் கூச ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொல்கிறாள், அவ்வளவுதான்.

பிறகு அந்தத் தாளில் ‘கேன்’ என்ற சொல் அநேகமாக வேண்டியிருக்கவில்லை. தினமும் பாட்டிக்கு ஊசி போட்டு வருகிறேன் என்ற ஒரு வரி, கடையில் அடித்துக் கொடுத்த பத்து வரிகளைவிடக் கனமாக இருந்தது. கடைசி வரிக்கு மட்டும், பயிற்சி முடிந்ததும் எங்கள் மலையில் வேலை செய்ய என்னால் முடியும் என்று எழுத விரும்பினாள். இனிமேல் வரப்போகிற ஆற்றல் என்பதால் ‘ஐ வில் பி ஏபிள் டு’.

ஏட்டு ஆங்கிலத்தில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. ‘கான்ட்’ பேச்சுக்கு, அலுவல் கடிதத்தில் ‘கேனாட்’, அதுவும் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக. ‘கேப்பபிள் ஆஃப்’ என்பதைத் தனக்கே சூட்டிக்கொள்வதைவிடப் பரிந்துரைக் கடிதத்தில் இன்னொருவர் சொன்னால் பொருந்தும். ‘குட் யூ’ என்று தொடங்கினால் அது திறமையைக் கேட்கும் கேள்வி இல்லை, பணிவான வேண்டுகோள்.

‘அனேபிள் டு’ பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சாலை கேட்டு ஊர் சார்பில் நான் எழுதிக் கொடுத்த மனு ஒன்றுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. தற்போது பரிசீலிக்க ‘அனேபிள் டு’ என்று இருந்தது. பணமில்லையா, விதி இடம் தரவில்லையா, மனமில்லையா என்று ஒன்றும் இல்லை. மென்மையான சொல்தான், ஆனால் முடிவெடுத்தவரை மறைத்துவிடுகிறது. ‘முடியாது’ என்ற சொல் எங்கள் ஊரில் ஒரு காலத்தில் எளியவனுக்கு மறுக்கப்பட்டது. இப்போது அது பதவியில் இருப்பவருக்குப் போர்வையாகிறது. காரணத்தைக் கேட்டு மறுபடி எழுதினேன். அப்படி எழுதும் துணிவையும் ஆங்கிலம்தான் எனக்குக் கொடுத்தது.

எங்கள் மலையின் பெயர் மீது வெளியுலகில் ஒரு நிழலும் விழுந்திருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, கல்வராயன் மலை என்றாலே சாராய ஊறல் என்று செய்தியில் படித்தவர்கள் பலர். விண்ணப்பத்தில் முகவரி படிப்பவருக்கும் அது நினைவுக்கு வரும். எங்கள் பிள்ளைகள் என்ன செய்யக் கூடியவர்கள் என்பதைப் பிறர் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறார்கள். அதை அழிக்க வேண்டுமானால், அந்தப் பிள்ளைகளே தங்கள் கையால் எழுத வேண்டும்.

2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் மூலம் ஆங்கிலப் பயிற்சி அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் கிடைக்கிறது. நல்ல காரியம். அந்தப் பயிற்சியை நடத்துபவர்களுக்கும், மலைப் பள்ளிகளில் பாடம் எடுக்கும் என் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ‘கேன்’, ‘குட்’ பட்டியலைக் கரும்பலகையில் எழுதும் முன், வீட்டில் என்ன வேலை பார்க்கிறாய் என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேளுங்கள். அவர்கள் சொல்வதையே முதல் வாக்கியமாக எழுதச் செய்யுங்கள்.