அண்ணன் கத்த, தம்பி துடைக்க

ஒன்ராறியோவில், ஜார்ஜியன் விரிகுடாவை அண்டிய ஒரு சின்ன ஊரில்தான் என் பள்ளிக் காலம் கழிந்தது. அப்பாவுக்குப் பகலில் தொழிற்சாலை, இரவில் கர்லிங் கிளப்பில் துப்புரவு வேலை. அம்மாவுக்கும் இரவு வேலை விழுகிற நாட்களில் அண்ணாவையும் என்னையும் கிளப்புக்கே கூட்டிப்போவார்.

அங்கே எனக்குப் பிடித்த ஆள், பனித்தளத்தைத் தயார் பண்ணுகிற கிழவர். தண்ணீர்த் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு, கையிலிருக்கும் பூவாளித் தலையை இடமும் வலமுமாக வீசியபடி பின்பக்கமாகவே நடப்பார். விழுந்த துளிகள் அப்படியே உறைந்து, வேர்க்குரு போட்ட முதுகுபோலத் தளமெங்கும் பொடிப்பொடியாக எழும்பி நிற்கும். அதன் மேல்தான் இருபது கிலோ கருங்கல் வழுக்கிக்கொண்டு போகும். தளம் வழவழவென்றிருந்தால் கல் பாதி வழியிலேயே நின்றுவிடும் என்பார்; பொடி இருப்பதால்தான் கல்லின் அடி பனியில் முழுதாகப் படியாமல் ஓடுகிறதாம்.

"தும்புத்தடியால கூட்டுறதும் ஒரு விளையாட்டே?" என்று அம்மா சிரிப்பார். கல்லுக்கு முன்னால் அழுத்தித் துடைத்தால் பனி சற்றே சூடேறும்; கல் இன்னும் கொஞ்சத் தூரம் போகும், வளைவும் குறையும். எப்போது துடைப்பது, எப்போது விடுவது என்று, கல் போய்ச் சேரவேண்டிய வளையத்தருகே நின்று கத்துபவர்தான் அணித்தலைவர், ஸ்கிப்.

கிழவர் வாய் திறந்தால் ஹோவர்ட் குடும்பத்துக் கதைதான். பக்கத்து மிட்லண்ட் ஊர்க்காரர்கள். மூத்தவர் ரஸ், ஆறு வயது இளையவர் கிளென். 1987இல் கனடாவின் ப்ரையர் கோப்பையையும் உலகப் பட்டத்தையும் சேர்ந்தே வென்றார்கள், 1993இல் மறுபடியும். இரண்டு தடவையும் ஸ்கிப் ரஸ்தான். முதல் இருவரின் கற்கள் வரும்போது அண்ணன் கத்துவார், தம்பி துடைப்பார். ரஸ்ஸின் "ஹரி! ஹார்ட்!" அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் கேட்குமாம். ஒரு ப்ரையரில் கத்திக் கத்தித் தொண்டையே போய், ரேடியோக் கருவி மாட்டிக்கொண்டு பேசினாராம். கிழவர் அதை நடித்தே காட்டுவார்.

2006 பிப்ரவரியில், டூரின் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில், கனடா பின்லாந்தை 10-4 என்று வென்றது. கடைசிக் கற்களை விட்டது 25 வயது பிராட் குஷூ. வளையத்தில் நின்று வழி சொன்னது, அந்த வாரம்தான் 50 வயதான ரஸ். பிள்ளைகள் ஆட்டம் பார்க்கட்டும் என்று நியூபவுண்ட்லாந்தில் பள்ளிகளையே அன்று முன்கூட்டி விட்டார்களாம். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டமில்லை. இரவு கிளப்புத் தொலைக்காட்சியில் மறுஒளிபரப்புத்தான் பார்த்தோம்.

அதற்குப் பிறகு அண்ணாதான் எங்கள் வீட்டு ரஸ். ஆட்டங்கள் முடிந்து தளம் காலியானதும் கிழவர் எங்களுக்கு ஒரு கரையை விட்டுத் தருவார். அண்ணா வளையத்தில் நின்று அந்த இரண்டு சொல்லையும் தொண்டை கிழியக் கத்துவான். கிழவர் தள்ளிவிடும் கல்லுக்கு முன்னால் நான் மூச்சிரைக்கத் துடைப்பேன்.

அடுத்த வருசம் ஹமில்டனில் ப்ரையர். ரஸ் நியூ பிரன்ஸ்விக் பக்கம் குடிபெயர்ந்த பிறகு, கிளென் தானே ஸ்கிப்பாகியிருந்தார். இறுதியாட்டத்தில் அவர் வீழ்த்தியது அண்ணனோடு சேர்ந்து தங்கம் வென்ற அதே குஷூவின் அணியை. அடுத்து எட்மண்டனில் உலகப் பட்டமும் வென்றார். அப்போது அவருக்கு வயது 44.

அன்றிரவே நான் அண்ணாவிடம் நியாயம் கேட்டேன். "இண்டைக்கு நான் கத்துறன், நீ துடை."

அவன் கொஞ்சமும் அசையவில்லை. "கிளென் அதுக்கு இருவது வருசம் காத்திருந்தவர். நீ போன வருசந்தானே துடைக்கத் தொடங்கினனி?"