வாசஸ்பதிக்கு ஒரு பேஸ் கிற்றார்

புதிதாக ஒரு உருப்படி எழுதி சக வாத்தியக்காரர் முன் வைக்கும்போது ராகத்தின் பெயரை நான் சொல்வதில்லை. கோர்ட்களையும் எழுதிக் கொடுப்பதில்லை. முதலில் வாசித்துக் காட்டுவேன். பெயர் தெரிந்துவிட்டால் எவ்வளவு நல்ல காதும் பெயருக்குரிய விதிகளைத் தேடத் தொடங்கிவிடும்.

போன மாரியில் ஏழு எண்ணிக்கையில் ஒரு ஜாஸ் ஃபியூஷன் உருப்படி எழுதினேன். பாட்டு இல்லை, வாத்தியங்கள் மட்டும். வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட இருக்கும் மேல்மாடி அறையொன்றில் கூடினோம். ட்றம்ஸ்காரனும் பேஸ்காரனும் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள். கலியாண வீடுகளில் பைலா வாசித்துக் கை பழுத்தவர்கள். வயலின் ரீச்சரும் மிருதங்க அண்ணையும் கோயில் கச்சேரிகளில் வளர்ந்தவர்கள்.

கீபோர்டில் பல்லவியை முடிக்கவில்லை, "இது வாசஸ்பதியெல்லோ" என்றார் ரீச்சர். "லிடியன் டொமினன்ட், மச்சான்" என்றான் பேஸ்காரன். இரண்டும் சரி. 64ஆவது மேளகர்த்தாவான வாசஸ்பதியை, கௌரிமனோகரியின் மத்தியமத்தை ஸட்ஜமாக வைத்துக் கிரகபேதம் செய்து பெறலாம். மெலோடிக் மைனரின் நாலாம் ஸ்வரத்திலிருந்து புறப்படும் ஜாஸ்காரர்களும் அதே ஏழு ஸ்வரங்களுக்குத்தான் வந்து சேர்கிறார்கள். நான் இந்த ராகத்தை எடுத்ததே அதற்காகத்தான். ஆனால் ஸ்வரம் ஒன்றாவதால் சங்கீதம் ஒன்றாகிவிடாது. அது காந்தாரத்தில் தெரிந்தது.

ரீச்சர் அந்தர காந்தாரத்தை மேலே மத்தியமத்தைத் தொட்டுத் தொட்டு அசைக்கிறார். என் இடது கையில் இருந்த டொமினன்ட் செவன்த் கோர்டின் காந்தாரமோ அசையாமல் நிற்கிறது. இரண்டும் உரசுகின்றன. ரீச்சர் வில்லை நிறுத்தினார்.

"தம்பி, அந்த இடத்தில நீர் காந்தாரத்தை விடும். அது எங்க இருக்கெண்டு நான் சொல்லுறன்."

விட்டேன். ரிஷபம், பஞ்சமம், மேல் ஸட்ஜம் என்று நாலாம் இடைவெளியில் அடுக்கினேன். கோல்ட்ரேனின் ஜாஸ் குவார்டெட்டில் பியானோ வாசித்த மக்கோய் டைனர் நிறையக் கையாண்ட அடுக்குமுறை அது. காந்தாரம் அதில் இல்லாததால் வயலினுக்கு வெளி கிடைத்தது. பேஸ் ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு தம்புராவின் வேலையைப் பார்த்தது. அந்த அசைவு எனக்கு அப்போதுதான் முழுசாகக் கேட்டது.

இந்தச் சிக்கலுக்கு, ஜாஸையும் இந்திய சங்கீதத்தையும் சேர்த்து வாசித்த சக்தி குழு கண்ட வழி வேறு. 1975இல் மேடையில் பதிவாகி 1976இல் வெளியான அவர்களின் முதல் இசைத்தட்டில் பியானோவே இல்லை. ஜான் மக்லாஃப்லின் வாசித்த கிற்றாரில் கட்டைகளுக்கிடையே பலகையைக் குடைந்திருந்தார்கள், தந்தியை அழுத்தி கமகம் எடுக்க. கீழே சுருதிக்கென்று ஏழு தந்திகள். அந்தக் குழுவில் வயலின் வாசித்த எல். ஷங்கர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளை. தகப்பன் வி. லக்ஷ்மிநாராயணா அங்கே சங்கீதம் கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. அதே ஆண்டில்தான் ஜாஸ் பியானோக்காரர் டேவ் ப்ரூபெக்கின் குவார்டெட்டும் இலங்கை வந்து வாசித்தது. இந்தத் தீவில் ஒருவரை ஒருவர் கேட்டிருக்கக்கூடியவர்கள் என்று நினைக்கையில் எனக்கு இன்றைக்கும் மனம் பொறுக்காது.

ஷங்கரை வீட்டில் இருந்து ஆற அமரக் கேட்கலாம். ஆனால் எங்கள் அறையில் தாளத்தைத்தான் கனநேரம் கதைத்தோம்.

அண்ணைக்கு இது மிஸ்ர சாபு: முதலில் மூன்று, பிறகு நாலு. ட்றம்ஸ்காரனுக்கோ முதலில் நாலு, பிறகு மூன்று. அப்போதுதான் அவனது ஸ்னேர் அடி உட்காருகிறது. யாராவது ஒருவர் மாற வேண்டும் என்றான் பேஸ்காரன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே ஏழுக்குள் இருவரும் வேறு வேறு இடத்தில் மடங்கட்டும், சமத்தில் சந்திக்கட்டும் என்றேன். வாசித்துப் பார்த்தோம். நடுவில் தரை கொஞ்சம் ஆடுகிற மாதிரி ஒரு உணர்வு, சமம் வந்ததும் எல்லாம் ஒன்றாக இறங்கியது. அண்ணை தலையாட்டினார்.

கோர்வை அவர் தந்தது. ஒரு ஆவர்த்தனத்துக்கு 28 மாத்திரை, இரண்டுக்கு 56. 16 மாத்திரைச் சொற்கட்டு மூன்று தரம், அதாவது 48. இடையில் நாலு நாலாக இரண்டு கார்வை. கணக்கு நேராகச் சமத்தில் விழும். கொன்னக்கோலில் அவர் சொல்ல, ட்றம்ஸ்காரன் தொடையில் தட்டியே பிடித்துக்கொண்டான். எழுதிக் கொடுத்திருந்தால் இவ்வளவு கெதியாக வந்திராது என்பது என் நம்பிக்கை. சொற்கட்டு வாயிலிருந்து கைக்குப் போகிற வழி கிட்ட.

இப்படிக் கூடும்போது "நல்லா இருக்கு" என்ற சொல்லை நான் ஏற்பதில்லை. எந்த இடத்தில் கை தயங்கியது, எந்த இடத்தில் அடுத்தது என்னவென்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்று கேட்பேன். வாத்தியக்காரரால் இதற்கு மறுமொழி சொல்ல முடியும். கேட்டவுடன் அந்த இடத்தை வாசித்தே காட்டுவார்கள். பேஸ்காரன் அப்படித்தான் பல்லவிக்குத் திரும்பும் பாலத்தைக் காட்டினான். அங்கே நான் இரண்டு கோர்ட் வைத்திருந்தேன். அவன் கைசிகி நிஷாதத்தில் ஒரு நீண்ட ஸ்வரம் மட்டும் பிடித்து ஸட்ஜத்துக்கு ஏறினான். அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.

கோர்வை விழும் சமத்தில் மட்டும் இன்னும் இணக்கம் இல்லை. அங்கே சிம்பல் வெடிக்க வேண்டும் என்கிறான் ட்றம்ஸ்காரன். மிருதங்கத்தின் தொப்பி தனியாகக் கேட்க வேண்டும் என்கிறார் அண்ணை. கீபோர்டும் பேஸும் அந்த அடியில் வாசிக்காமல் இருப்பது என்றவரைக்கும் முடிவாகியிருக்கிறது. அடுத்த தரம் இரண்டு விதமாகவும் வாசித்துப் பதிவுசெய்து, ஐவரும் அறைக்கு வெளியே நின்று கேட்கப்போகிறோம்.