ஆயிரம் கிலோமீட்டர் பதக்கம்

இன்று காலை இத்தலார் பஸ் ஸ்டாப்பில் இறங்கித் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஏறும்போது, போக்கிமான் கோ விளையாட்டில் என் ஜாகர் பதக்கம் தங்கமானது. நடைக்கான பதக்கம் அது. 10 கிலோமீட்டருக்கு வெண்கலம், 100க்கு வெள்ளி, 1,000க்குத் தங்கம். மேட்டில் மூச்சு வாங்க நின்று, போனை இரண்டு முறை பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம்!

2016 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த விளையாட்டு இது. டவுன்காரர்களுக்கு விளையாட்டுக்கு வேண்டிய பொருள்களைத் தரும் போக்கிஸ்டாப் நின்ற இடத்திலேயே கிடைக்கும். நம் மலையூர்களில் அது அரிது. ஒரே வகைப் போக்கிமான் உயிரிகளைப் பிடித்துப் பிடித்து அந்த வகைப் பதக்கத்தை உயர்த்தினால், அடுத்தது சிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் அதற்கு முதலில் உயிரி கண்ணில் பட வேண்டுமே. நடைப் பதக்கத்தில் மட்டும் நமக்கும் நகரத்துக்கும் ஒரே கணக்கு. பஸ் வேகத்தில் போனால் தூரம் சேராது, கால் நடந்தால்தான் சேரும். விளையாட்டில் கிடைக்கும் முட்டை பொரிவதும் அப்படித்தான், 2, 5, 10 கிலோமீட்டர் என்று நடந்தே பொரிக்க வேண்டும்.

2018இல் வந்த அட்வென்ச்சர் சிங்க் வசதியை இயக்கி வைத்தால், விளையாட்டை மூடியிருந்தாலும் நடை கணக்கில் சேர்கிறது. எனக்கு அதுதான் பெரிய வரம். அடுத்த படி பிளாட்டினம், 10,000 கிலோமீட்டர்.

மலையில் விளையாடும் தம்பி தங்கைகளே, போனைப் பையில் போட்டுவிட்டு நடங்கள். மஞ்சு இறங்கிய நேரத்தில் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும்.